வழுக்கினால்தான் நிஜமா?

எங்கள் பெரியப்பா நாற்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். சங்ககிரியில் சரக்கு ஏற்றினால் நாக்பூர் தாண்டிப் போய்த் திரும்புவார். முதுகு ஒத்துழைக்க மறுத்ததும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு ஒரு டயர் ரீட்ரேடிங் பட்டறையில் பங்கு சேர்ந்தார். பட்டறைக்கு வரும் டயரை ஒருமுறை உருட்டிப் பார்ப்பார். ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியது, நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், ஒரு பக்கம் மட்டும் ரம்பம் போல இருந்தால் அலைன்மென்ட் போய்விட்டது என்று, ஜாதகம் பார்ப்பவரைப் போலச் சொல்லிக்கொண்டே போவார். ரேஸ் கார்களின் ஸ்லிக் டயரை முதன்முதலில் படத்தில் காட்டியபோது, "மொட்டை டயரை மாட்டிக்கொண்டு போனால் எங்களுக்கு அபராதம் போடுவான். இவன் புதிதாகவே மொட்டையாக வாங்குகிறானா?" என்று சிரித்தார்.

ஒரு தீபாவளி மதியம், சாப்பாடு முடிந்து எல்லோரும் சாய்ந்து கிடந்த நேரத்தில், அவரை என் அறைக்கு அழைத்துப்போய், நிஜக் காரைப் போலவே ஓட்டிப் பார்க்கும் கணினி விளையாட்டான ரேசிங் சிமுலேட்டரில் உட்கார வைத்தேன். பழைய கார் இருக்கை ஒன்று, இரும்புச் சட்டம், இரண்டாம் கையாக வாங்கிய ஸ்டீயரிங், மூன்று பெடல்கள், எதிரே திரை. மிகச் சாதுவான ஒரு சாலைக் காரைத்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். முதல் வளைவிலேயே நேராகச் சுவரில் போய் மோதினார். இரண்டாவது முறையும் அதே சுவர். மூன்றாவது முறை பயந்துபோய், வளைவுக்கு நூறு மீட்டர் முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், "வண்டி நிற்கிறதா போகிறதா என்றே தெரியவில்லையேடா. இதில் என்னத்தை ஓட்டுவது?" என்று கேட்டுவிட்டு, தூங்கப் போய்விட்டார்.

நான் அதை வெகுநாள் ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். அதிலும் ஒரு பெருமை கலந்த கதையாக. நாற்பது ஆண்டு அனுபவசாலியே தடுமாறுகிற அளவுக்கு எங்கள் சிமுலேட்டர் உண்மையானது என்று. இந்த வாக்கியத்தில் ஏதோ ஒன்று இடிக்கிறது என்று எனக்கு உறைப்பதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. உண்மையானது என்றால், அவருக்கு அல்லவா அது எளிதாக வந்திருக்க வேண்டும்?

கசப்புக் கஷாயம்

சனிக்கிழமை இரவுகளில் இணையத்தில் சேர்ந்து ஓட்டும் நான்கைந்து பேர் நாங்கள். எங்களுக்குள் எழுதப்படாத ஒரு விதி இருந்தது. எந்த விளையாட்டில் கார் அதிகம் சுழல்கிறதோ அதுவே நிஜத்திற்கு அருகில் இருக்கிறது. கசக்காத கஷாயம் வேலை செய்யாது என்று நம்பும் பாட்டிகளைப் போலத்தான் நாங்களும். யாராவது ஒரு புதிய விளையாட்டைப் பற்றி "ஓட்ட நன்றாக இருக்கிறது" என்று சொன்னால், அதைக் குறையாகவே எடுத்துக்கொள்வோம்.

இந்த நம்பிக்கை எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். கல்லூரிக் காலத்தில் கையில் கிடைத்த 'கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்'. பாபிரஸ் நிறுவனம் 1998இல் வெளியிட்டது. 1967ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் கார்களை அதில் ஓட்ட வேண்டும். இறக்கைகள் கிடையாது, காற்றழுத்தம் வண்டியைத் தரையோடு சேர்த்து அமுக்காது, முதுகுக்குப் பின்னால் பெரிய எஞ்சின். முதல் வாரத்தில் ஒரு சுற்றைக்கூட முழுதாக முடிக்கவில்லை. முடித்த அன்று ஏதோ பட்டம் வாங்கியவனைப் போல நடந்துகொண்டேன். அவ்வளவு துன்பப்பட்டு அடைந்த ஒன்று பொய்யாக இருக்க முடியும் என்று மனம் ஒப்புக்கொள்ளாது அல்லவா? அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான டேவ் கேமர், பின்னர் ஐரேசிங் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அந்த நிறுவனத்தின் சிமுலேட்டர் 2008இல் பொதுமக்களுக்கு வந்தது. 2011இல் டயர் கணிப்பு முறையை அடியோடு மாற்றி எழுதினார்கள். அதன் பிறகும் திருத்தங்கள் நிற்கவில்லை. வாழ்நாளை இதற்கே கொடுத்த மனிதர் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தார். சனிக்கிழமை இரவு ஓட்டும் எங்களுக்குத்தான் எல்லாம் தெளிவாகத் தெரிந்திருந்தது.

எங்கள் விதிக்கு ஒரே ஒரு முள் இருந்தது. நாங்கள் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிய 'கிரான் டூரிஸ்மோ'விலிருந்துதான் நிஜ ஓட்டுநர்கள் வந்தார்கள். அதில் வேகமாக ஓட்டுபவர்களைத் தேர்ந்தெடுத்து நிஜக் காரில் ஏற்றும் போட்டியின் முதல் வெற்றியாளர், ஸ்பெயினின் லூகாஸ் ஓர்டோனியெஸ். 2011ஆம் ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் அவருடைய அணி இரண்டாம் இடம் பிடித்தது. இதைப் பற்றிப் பேச்சு வந்தால் நாங்கள், "அவர் திறமைசாலி, எதில் பழகினாலும் வந்திருப்பார்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம்.

மேட்டின் மறுபக்கம்

டயரைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான், எந்த விளையாட்டு நிஜம் என்ற இந்தச் சண்டை எந்த இடத்தில் நடக்கிறது என்பது புரிந்தது. வளைவில் திரும்பும் காரில், சக்கரம் நோக்கும் திசையும் அது உண்மையில் போகும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. ரப்பர் தரையைப் பற்றிக்கொண்டு முறுக்கேறுவதால் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கோணம் விழுகிறது. அதை ஸ்லிப் ஆங்கிள் என்கிறார்கள். இந்தக் கோணம் கூடக்கூட, வளைவுக்குள் இழுக்கும் விசையும் கூடும். சாதாரணச் சாலை டயரில் பெரும்பாலும் 6 முதல் 10 டிகிரிக்குள் ஓர் உச்சம் வரும். அதற்கு மேல் கோணத்தைக் கூட்டினால் விசை கூடாது, குறையத் தொடங்கும். வரைந்து பார்த்தால் ஒரு மேடு. ஏறும் பக்கம் செங்குத்து, இறங்கும் பக்கம் சரிவு. அந்தச் சரிவு தாய்வீட்டுத் திண்ணை மாதிரி மெல்ல இறங்குகிறதா, கிணற்றுச் சுவர் மாதிரி விழுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மெல்ல இறங்கினால், நழுவிய காரைத் திரும்பப் பிடிக்கலாம். கிணறு என்றால், நழுவியது நழுவியதுதான்.

ஏறும் பக்கத்தில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை, ஏனென்றால் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஓடும் எஃகுப் பட்டையின் மேல் டயரை அழுத்தி, கோணத்தை மாற்றி மாற்றி விசையை அளக்கும் எந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் உச்சத்தைத் தாண்டிப் பெரிய கோணத்தில் டயரைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் அது கொதித்துப்போகும், உரிந்துபோகும். சிறிது நேரத்தில் அளக்கப்படுவது முதலில் மாட்டிய டயராகவே இருக்காது. ஆகவே அளவீடுகள் உச்சத்திற்குச் சற்று அப்பால் மெலிந்துவிடுகின்றன. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் பாச்செய்க்கா, 1980களில் வோல்வோ பொறியாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய புகழ்பெற்ற சமன்பாட்டின் பெயரே 'மேஜிக் ஃபார்முலா'. ரப்பருக்குள் என்ன நடக்கிறது என்று அது விளக்குவதில்லை. அளந்த புள்ளிகளின் மேல் அழகாக உட்காரும் ஒரு கோட்டைத் தருகிறது, அவ்வளவுதான். அளந்த புள்ளிகள் தீர்ந்துபோன இடத்தில் அந்தக் கோடு எப்படிப் போக வேண்டும் என்பதை எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இதன் விநோதத்தைக் கவனியுங்கள். பந்தயத்தில் ஒழுங்காக ஓட்டுகிறவன் மேட்டின் ஏறும் பக்கத்திலும் உச்சியிலும்தான் பெரும்பாலும் இருப்பான். என்னைப் போன்றவன்தான் மறுபக்கத்தில் உருண்டு கிடப்பான். தரவு மிகக் குறைவாக உள்ள இடத்தில், திறமை மிகக் குறைவாக உள்ள ஆட்கள் நின்றுகொண்டு, "இது நிஜம், இது நிஜமில்லை" என்று கூச்சலிடுகிறோம்.

செட்டிப்பாளையத்தில் ஒரு நாள்

போன ஆண்டு, சேமித்து வைத்திருந்த பணத்தில், கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒருநாள் பயிற்சிக்குப் போனேன். சுமார் 2.1 கிலோமீட்டர் நீளம், நெருக்கமான வளைவுகள். இந்தியாவில் குறைந்த செலவில் ரேஸ் கார்களைக் கட்டிக் காட்டிய கரிவர்தனின் நினைவாகப் பெயர் வைக்கப்பட்ட பாதை. ஸ்விஃப்ட் எஞ்சின் பொருத்திய ஒற்றை இருக்கைக் காரில் என்னை இறுக்கிக் கட்டினார்கள். தோள்பட்டையில் வார், இடுப்பில் வார், முழங்கைக்கு அசைய இடமில்லை. பயிற்சியாளர் அறுபதைத் தொடும் மனிதர். அதிகம் பேசவில்லை. "முதலில் சுற்றிவிட்டு வாருங்கள்" என்றார்.

முதல் பத்து நிமிடம் முடிந்து உள்ளே வந்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி: "தம்பி, யாரோடு சண்டை போடுகிறீர்கள்?" எனக்கு விளங்கவில்லை. இரு கைகளையும் காற்றில் வைத்து, ரம்பம் அறுப்பது போல இடமும் வலமும் ஆட்டிக் காட்டினார். ஒவ்வொரு வளைவிலும் நான் ஸ்டீயரிங்கை அப்படி ஓயாமல் ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியாது. வீட்டில் பல ஆண்டுகளாகச் செய்து வந்ததுதான். டயருக்குப் பிடிப்பு இருக்கிறதா என்று சிமுலேட்டரில் அறிய வேறு வழியில்லை. ஆட்டி ஆட்டிக் கேட்க வேண்டும், இருட்டில் கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டே நடப்பது போல.

இரண்டாவது முறை, கைகளைக் கட்டிப்போட்டவனைப் போல ஓட்டினேன். நான்காவது சுற்றோ ஐந்தாவதோ, ஒரு மெதுவான வலப்பக்க வளைவு. கொண்டை ஊசிக்குக் கொஞ்சம் குறைவு. சற்று வேகமாக உள்ளே போய்விட்டேன். பயத்தில், செய்யக் கூடாததைச் செய்தேன்: பாதி வளைவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். எடுத்தால் என்ன ஆகும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். பாரம் முன்னால் போகும், பின் டயர்கள் லேசாகும், வால் வெளியே வரும். வீட்டில் இதே தவறைச் செய்தால் அடுத்த காட்சி, கார் பின்னோக்கி நின்றுகொண்டிருப்பதுதான்.

வால் வந்தது. ஆனால் வந்தது என்று நான் நினைப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இடுப்பின் இடப்பக்கம் யாரோ மெல்லத் தள்ளியது போல ஓர் உணர்வு. அவ்வளவுதான். கைகள் தாமாகவே கொஞ்சம் இடப்பக்கம் போய்த் திரும்பின. கார் நேராகி, வளைவிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மை. ஆனால் அடுத்த நேர்ச் சாலையில் என்னைப் பிடித்துக்கொண்டது பயமோ மகிழ்ச்சியோ அல்ல. ஏமாற்றம். இவ்வளவுதானா? இதற்காகவா இத்தனை ஆண்டுகள் அந்த அறையில் வியர்த்தேன்?

உள்ளே வந்ததும் பயிற்சியாளர் குனிந்து, "பின்பக்கம் போனது தெரிந்ததா?" என்றார். தெரிந்தது என்றேன். "எங்கே தெரிந்தது?" வாரை மீறிக் கையைக் கொண்டுபோய் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். கட்டிய வார்களோடு அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தபோதுதான் பெரியப்பாவின் கேள்வி திரும்ப வந்தது. வண்டி நிற்கிறதா போகிறதா என்றே தெரியவில்லையேடா. அவர் திரையைக் குறை சொல்லவில்லை, டயரையும் குறை சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகள் எந்த உறுப்பால் லாரி ஓட்டினாரோ அந்த உறுப்புக்கு அங்கே வேலை இல்லை என்று சொல்லியிருக்கிறார். நான்தான் அதைத் தோல்வியாகப் புரிந்துகொண்டேன்.

கார் தன் அச்சில் சுழலத் தொடங்கும்போது இடுப்பும் உட்செவியும் முதலில் அறிகின்றன. கண் பிறகுதான் அறிகிறது, ஏனென்றால் காட்சி நகர்ந்தது தெரிய வேண்டுமானால் கோணம் கொஞ்சமாவது வளர்ந்திருக்க வேண்டும். என் அறையில் எனக்குக் கண்ணும் கையும்தான். கையில் வரும் செய்தியும் பெரும்பாலும் முன் டயர்களைப் பற்றியது. டயரின் விசை அதன் தடத்தின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் விழுவதால்தான் ஸ்டீயரிங் தானாக நேராக முயல்கிறது. உச்சத்தை நெருங்கும்போது அந்த இடைவெளி சுருங்கி, பிடிப்பு போவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஸ்டீயரிங் லேசாகிவிடும். அருமையான எச்சரிக்கை. ஆனால் முன்பக்கத்துக்கு. பின்பக்கம் போகும்போது கைக்குச் செய்தி வருகிறது என்றால், ஏற்கெனவே கார் திரும்பிவிட்டது என்று பொருள்.

அப்படியானால், நிஜ டயரை அணுவளவும் பிசகாமல் கணித்து என் அறைக்குள் கொண்டுவந்தாலும், அது நிஜக் காரைவிடக் கடினமாகத்தான் இருக்கும். கடினத்துக்குக் காரணம் டயரல்ல, என் நாற்காலி. இதைக் கண்டுகொண்டதும், பதினைந்து ஆண்டு வாதங்கள் அத்தனையும் வேறு ஆளுக்கு எழுதிய கடிதங்களாகத் தோன்றின. சுழன்று சுழன்று நாங்கள் அளந்துகொண்டிருந்தது ரப்பரின் உண்மையை அல்ல. எங்களுக்கு எது இல்லை என்பதை.

இதோடு நிறுத்தியிருந்தால் ஊருக்குப் பெரிய வெற்றியோடு திரும்பியிருப்பேன். மூன்றாவது முறை அதைக் கெடுத்தது. பாதையின் வேகமான வளைவு ஒன்றில், வீட்டில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்திருப்பேன். இங்கே ஒவ்வொரு சுற்றிலும் கால் தானாக எழுந்துவிட்டது. ஒருமுறை பிடிவாதமாக, "இந்தச் சுற்றில் எடுக்க மாட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எடுத்தேன். அந்த இடத்தில் கார் இன்னும் எவ்வளவோ தாங்கும் என்று பயிற்சியாளர் பிற்பகலில் சொன்னார். ஆக, நிஜக் கார் எளிது என்ற என் கண்டுபிடிப்பு ஒரே ஒரு மெதுவான வளைவுக்கு மட்டும் பொருந்தும். வேகமான வளைவில் டயரின் உச்சம் எங்கே இருக்கிறது, அதற்கு அப்பால் திண்ணையா கிணறா என்று எனக்குத் தெரியாது. எட்டிப் பார்க்கும் துணிச்சல் இல்லை.

ஓர் எண்

வீடு திரும்பிய வாரம், 'அசெட்டோ கோர்சா'வுக்காக ஆர்வலர் ஒருவர் செய்து இலவசமாகக் கொடுத்த ஒற்றை இருக்கைக் கார் ஒன்றின் கோப்புகளைத் திறந்தேன். அந்த விளையாட்டில் டயரின் குணங்களெல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும். உச்சிக் கோணம் எவ்வளவு, பாரம் ஏற ஏறப் பிடிப்பின் விகிதம் எப்படிக் குறையும் என்று வரி வரியாக எண்கள். அவற்றுள் ஒன்று, உச்சத்தைத் தாண்டிய பின் எத்தனை பங்கு பிடிப்பு எஞ்சும் என்பது. அதில் 0.8 என்று இருந்தது. பத்தில் எட்டுப் பங்கு எஞ்சும், இரண்டு போய்விடும். அதை 0.9 ஆக்கி ஓட்டிப் பார்த்தேன். அதே தவறை வேண்டுமென்றே செய்தேன். வால் வந்தது, பிடித்தேன், போனேன். செட்டிப்பாளையம் போலவே இருந்தது. ஏறக்குறைய.

அந்தக் கோப்பைக் கூட்டத்தில் பகிர்ந்தேன். ஒரு மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: விளையாட்டுச் சாமான் ஆக்கிவிட்டாய். நிஜக் காரில் இப்படித்தான் இருந்தது என்றேன். "ஒருநாள் ஓட்டிவிட்டு வந்து பேசுகிறான்" என்றார் ஒருவர். அவர் நிஜ ரேஸ் காரில் ஒரு நிமிடம்கூட உட்கார்ந்ததில்லை. ஆனால் அவர் சொன்னதில் பாதியாவது நியாயம் இருந்தது. நான் திருத்தியது டயரை அல்ல. என்னிடம் இல்லாத இடுப்புணர்வுக்கு ஈடாக டயரிடமிருந்து ஒரு பங்கைக் கடன் வாங்கி, அதை நிஜம் என்று அழைத்தேன். டயரின் கோட்டைப் பார்த்தால் 0.8 சரியாக இருக்கலாம். ஓட்டும் அனுபவத்தைப் பார்த்தால் 0.9 சரியாக இருக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்துக்கொண்டு எங்கள் கூட்டம் ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டிருக்கிறது. 'கிரான் டூரிஸ்மோ'வைச் செய்தவர்கள் இந்த ஈடுகட்டலைத் தெரிந்தே செய்தார்களோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. எங்கள் கூட்டத்தில் இதைச் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை.

இந்தப் பொங்கலுக்குப் பெரியப்பா வந்திருந்தார். மாற்றிய காரை ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். இருக்கையில் உட்கார மறுத்துவிட்டார். பின்னால் நின்றுகொண்டு நான் ஓட்டுவதைப் பார்த்தார். திரையின் மூலையில் நான்கு டயர்களுக்கும் எதிரே ஓடிக்கொண்டிருந்த எண்களைக் காட்டி அது என்ன என்றார். காற்று என்றேன். "ஓட ஓட ஏறுகிறதே." சூடேறினால் ஏறும் அல்லவா, அதையும் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்றேன். "அதைப் போட்டிருக்கிறானா!" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் அந்த நான்கு எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இடப்பக்க முன் டயருக்குக் காற்றை இரண்டு குறைக்கச் சொன்னார். குறைத்தேன். சுற்றுக்கு அரை நொடி வேகம் கூடியது.

அந்தக் கோப்பில் உள்ள எண் இப்போது 0.87.